மாலை போட்ட படம்

ஏழே முக்காலுக்கு என் அக்கா செத்துப்போனாள்.
எட்டு மணிக்கு போன் பண்ணினாள்:
"பாத்தியாட்டி? நல்லா வந்திருந்துதா?"

அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது.
"கண்ணை மூடினது சரி.
ஆனா ஒரு தரம் மூச்சு விட்டுட்ட" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"கேமரா நகரவே இல்லட்டி.
எவ்வளவு நேரந்தான் அடக்குதது?"

நாளுக்கு ஐந்நூறு கூட்டிக் கேட்டாளாம்.
இரண்டே நாளில்
மாரடைப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சுவிசேஷபுரத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில்
பையன்கள் எல்லாருக்கும் சாஸ்திரிகளாக ஆசை.
சாஸ்திரிகளுக்குத்தான் ஜிகினா.
ஏரோது ஆக ஒருத்தனும் வரவில்லை.
பதின்மூன்று வயது கிருபாபாய்
கோயில் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு
"இரண்டு வயதுக்குட்பட்ட யாவரையும்" என்று
கையை உயர்த்தினாள்.
முதல் வரிசையில் மூன்று குழந்தைகள் வீறிட்டன.
முடிவு ஜெபத்தை உபதேசியார் மறந்தே போனார்.

பிறகு பாளையங்கோட்டை, வானொலி.
ஒரே நாடகத்தில் மாமியாரும் அவள், மருமகளும் அவள்,
கன்று ஈன முடியாமல் கதறுகிற மாடும் அவள்.
மாட்டுக்குத் தனிக் காசு கிடையாது.
அப்பா நாலு வருஷம் அவளோடு பேசவில்லை.
ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
டிரான்சிஸ்டரில் புது பேட்டரி கிடக்கும்.
யார் போட்டது என்று
நாங்களும் கேட்டதில்லை.

மெட்ராசில் நாடகக் கம்பெனி.
செட்டு ஏற்றிய வேனில்
அரண்மனைத் தூணுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே
படுத்து உறங்கி ஊர் ஊராகப் போனாள்.
நோட்டீசின் கடைசியில் 'மற்றும் பலர்.'
பதினோரு வருஷம் அந்தப் பலரில் ஒருத்தி.
முதன்முதலாகப் பெயர் அச்சானபோது
ஒரு எழுத்து விழுந்து 'கிருபாய்' ஆகியிருந்தது.
அதையும் வெட்டி பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்,
சங்கீதம் எந்தப் பக்கமோ, அதில்.

டி.வி. வந்தது. மாமியார் ஆனாள்.
பாளை மார்க்கெட்டில் ஒருத்தி
தராசைக் கவிழ்த்துவைத்து,
"அந்தப் பிள்ளைக்கு மொதல்ல சோறு போடு,
பொறவு தக்காளி தாரேன்" என்றாள்.
"நாளைக்கே போடுதேன், இப்ப ஒரு கிலோ நிறு"
என்றாள் அக்கா, முகம் மாறாமல்.
கொசுறாக நாலு பச்சை மிளகாய் வேறு.

இப்போது
அவள் செத்து ஆறு வாரம்.
சீரியல் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம்.
அது என் மகள் கல்யாணத்தில் எடுத்தது.
பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள்,
சரியாக வெட்டவில்லை.
மகன் அழும்போதெல்லாம் மூலையில் தெரிகிறது
என் நீலப் பட்டும், பாதித் தோளும்.
படத்துக்குச் சம்பளம் உண்டா என்று விசாரித்தாளாம்.
படத்துக்குக் கால்ஷீட் தேவையில்லையே மேடம் என்றானாம்
ஒரு பையன், மரியாதையாகத்தான்.

நெல்லை எக்ஸ்பிரசில் வந்து இறங்கியவள்
குளித்துவிட்டுப் பகலெல்லாம் உறங்கினாள்.
ராத்திரி டி.வி. முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து
"நேத்துப் பூ வெள்ளை, இன்னைக்கி மஞ்சள்.
ஒரே காட்சிதான, யாரும் பாக்கலியா?" என்று
தனக்குத்தானே திட்டிக்கொண்டிருக்கையில்
கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரு அய்யோ.

இருட்டில் அவள் தொடர்ந்தாள்.
மருமகள் பேசினாள், விசும்பலோடு.
மகன் பேசினான், தொண்டை கட்டி.
வக்கீல் வந்து உயில் என்றான்.
பிறகு படத்தின் முறை.

காத்திருந்தேன்.
மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.
அக்கா, என்றேன்.
அப்புறம் நான்தான் எழுந்து
டார்ச்சைத் தேடினேன்,
சுவரைத் தடவித் தடவி.